சத்தமாய் வாசித்த வினாத்தாள்

நாற்பதைத் தொட்டுவிட்ட என் வகுப்புத் தோழர்களே, தோழிகளே, போன கிழமை நம்முடைய வட்சப் குழுவில் உங்களில் ஒருவர் ஒரு கேள்வி போட்டிருந்தீர்கள். "எங்கட செற்றில ஸ்கொலசிப் பாஸ் பண்ணினது ஆர் ஆர்?" அதற்குக் கீழே பெயர்கள் வரத் தொடங்கின. என் பெயரும் வந்தது. கைதட்டுகிற படங்கள் வந்தன. நான் ஒரு வரி எழுதி அழித்தேன். இன்னொன்று எழுதி அதையும் அழித்துவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தேன். கோபம் ஒன்றுமில்லை, அலுப்புத்தான். அலுவலகத்தில் இருந்து வந்து, சமைத்து, மகளைப் பயிற்சி வினாத்தாளுக்கு முன்னால் இருத்திவிட்டு வந்த அலுப்பு. ஆனாலும் அந்தப் பெயர்களுக்குள் வராத ஒருத்தியைப் பற்றி உங்களுக்குச் சொல்லாமல் விட மனமில்லை. அவள் மரத்தடியில் இருந்தவள். உங்களில் சிலருக்கு முகம் நினைவு வரலாம்.

அந்த வருடம் நாங்கள் ஐந்தாம் வகுப்பு. தர்மபுரத்தில் எங்கள் வீடு. அப்பாவின் ஆட்கள் யாழ்ப்பாணத்தில் காணி போதாமல் வாய்க்கால் தண்ணீரை நம்பி வந்து காடு வெட்டி வயல் செய்தவர்கள். முந்தின வருடம் சண்டையில் கிளிநொச்சி நகரம் இடம்பெயர்ந்தபோது அம்மாவின் தங்கை, என் சின்னம்மா, மகளையும் இரண்டு பைகளையும் தூக்கிக்கொண்டு எங்கள் வளவுக்கு வந்து சேர்ந்தார். சித்தப்பா கொழும்பில் வேலையில் நின்றவர், பாதை பூட்டியதும் அங்கேயே நின்றுவிட்டார். சின்னம்மாவின் மகள் என்னைவிட இரண்டு மாதம் இளையவள். அந்த இரண்டு மாதத்துக்காக நான் அவளுக்கு அக்கா, அவள் எனக்குத் தங்கச்சி.

வருகிற வழியில் முரசுமோட்டைப் பக்கம் அவர்களுக்குக் கிட்ட ஒரு ஷெல் விழுந்ததாம். "ஒருத்தருக்கும் ஒரு காயமில்லை, கடவுள் காப்பாத்தினார்" என்று சின்னம்மா வருகிறவர் போகிறவர் எல்லோருக்கும் சொன்னார். தங்கச்சி மட்டும் பேச்சுக் குறைந்து போனாள். கூப்பிட்டால் திரும்பமாட்டாள். இரண்டாம் தரம் கூப்பிட்டால் "ஆ?" என்பாள். பிள்ளை பயந்துபோனாள் என்று கோயிலில் நூல் கட்டினார்கள். அதற்குப் பிறகும் திரும்பவில்லை என்றபோது, திமிர் பிடித்தவள் என்றார்கள்.

நம்முடைய பள்ளிக்கூடத்தை நினைத்துப் பாருங்கள். இருந்த ஒரு கட்டடத்தில் இடம்பெயர்ந்த சனம். நாங்கள் பின்வளவில் தென்னோலைக் கிடுகுக் கொட்டில்களில். அரைச்சுவர், மணல் தரை, இருக்க ஆளுக்கொரு உரப்பை. கொப்பியை வைத்து எழுத ஒரு நீள வாங்கு, அதுவும் முன்வரிசைக்காரருக்குத்தான். பலகைக்குப் பற்றரிக் கரி பூசியிருக்கும், கை பட்டால் கறுப்பு ஒட்டும். பென்சிலை இரண்டாக முறித்துத்தான் தருவார்கள். ஆடி மாதத்துச் சோளகக் காற்று அடிக்கும்போது கிடுகுகள் ஒன்றோடொன்று உரசிச் சளசள என்று கத்தும். மணல் கண்ணுக்குள்ளும் கொப்பிக்குள்ளும் வந்து விழும்.

நம்முடைய வகுப்பு ரீச்சர் உயர்தரச் சோதனை எழுதிவிட்டுத் தொண்டராகப் படிப்பிக்க வந்தவர். எங்களுக்கு அவர் பெரிய மனுசி. இப்போது கணக்குப் பார்த்தால் என் அலுவலகத்தில் போன மாதம் வேலைக்குச் சேர்ந்த பிள்ளையைவிட வயது குறைவாக இருந்திருக்கும். மெல்லிய உடம்பு. ஒரே நாவல் நிறச் சேலையைத் தோய்த்துத் தோய்த்துக் கட்டுவார். புலமைப்பரிசில் சோதனைக்கு, அதுதான் அந்த ஸ்கொலசிப்புக்கு, எங்களைத் தயார்ப்படுத்த அவரிடம் இருந்தது பழைய வினாத்தாள் ஒன்றே ஒன்று. பிரதி எடுக்கத் தாளும் இல்லை, மையும் இல்லை. ஆகவே ரீச்சர் வாசிப்பார், நாங்கள் விடையை மட்டும் எழுதுவோம்.

படக் கேள்வியையும் வாசிப்பார். அதுதான் வேடிக்கை.

"முதலாவது படத்தில ஒரு முக்கோணம். அதுக்குள்ள ஒரு வட்டம். வட்டத்துக்குள்ள ஒரு புள்ளி. ரெண்டாவது படத்தில புள்ளி வெளியில வந்திட்டுது. மூண்டாவது படத்தில என்ன வரும்? யோசியுங்கோ. அடுத்த கேள்வி."

யோசிக்க முதலே அடுத்த கேள்வி வந்துவிடும். ஒரு கேள்வி காதில் விழாமல் போனால் அந்த இடத்தில் அடுத்த கேள்வியின் விடையை எழுதிவிடுவோம். அதற்குப் பிறகு எழுதுகிற சரியான விடைகளும் ஒவ்வொரு இலக்கம் தள்ளிப்போய் எல்லாமே பிழையாகிவிடும். தங்கச்சியின் தாள் எப்போதும் அப்படித்தான் இருந்தது. மேலே நாலைந்து சரி, பிறகு கீழே வரைக்கும் சிவப்புக் கோடு.

மூன்று தரம் அப்படி நடந்த பிறகு ரீச்சர் வகுப்பைப் பிரித்தார். சித்தியடையக்கூடியவர்கள் கொட்டிலுக்குள் வாங்கில். மற்றவர்கள் வெளியே வேப்பமரத்தடியில். மரத்தடிக்காரருக்குச் சித்திரம், தோட்டம், ரீச்சர்மாருக்குக் கிணற்றிலிருந்து தண்ணீர் கொண்டுவருகிற வேலை. சோதனைக்குப் பெயர் அனுப்பியதும் கொட்டிலுக்குள் இருந்தவர்களுக்கு மட்டும்தான். புள்ளி எடுக்கமாட்டாத பிள்ளையை அனுப்பினால் பள்ளிக்கூடத்தின் சராசரி விழும் என்று அதிபருக்குப் பயம். நகரத்துப் பள்ளிக்கூடங்கள் எல்லாம் இடம்பெயர்ந்து வந்து பக்கத்தில் நிற்கிறபோது நம்முடையது கீழே போகக்கூடாதாம்.

சின்னம்மா பள்ளிக்கூடம் போய்க் கேட்டார். நான் கூடப் போயிருந்தேன்.

"அக்கா, உங்கட பிள்ளை குழப்படியில்லை. ஆனா கவனமில்லை. ஒண்டு கேட்டா வேறொண்டு எழுதுறாள்" என்றார் ரீச்சர். "எல்லாரையும் இழுக்க என்னால ஏலாது. கொஞ்சப் பேரையெண்டாலும் கரைசேர்ப்பம்."

சின்னம்மா திரும்பினார். வீட்டுக்கு வந்து தங்கச்சியின் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தார். "உன்ர அப்பா திரும்பி வந்து கேட்டா நான் என்ன சொல்லுறது?" தங்கச்சி அழவில்லை. தன் அம்மாவின் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் யாருடைய வாயையும் அப்படித்தான் பார்ப்பாள். அதையும் திமிர் என்றுதான் சொன்னார்கள்.

பின்னேரங்களில் நாங்கள் இருவரும் வளவின் கரையில் நின்ற பாலை மரத்தடிக்குப் போவோம். பாலைப்பழக் காலம் முடிகிற நேரம். மஞ்சள் பழம் தேன்போல இனிக்கும், நிறையத் தின்றால் பால் பிசின் உதட்டில் ஒட்டி வாயைத் திறக்கவிடாது. அந்த ஒட்டின வாயோடு நான் மணலில் தடியால் அன்றைக்கு ரீச்சர் வாசித்த கேள்விகளை எழுதிப் பார்ப்பேன். தங்கச்சி குந்தியிருந்து பார்ப்பாள். நான் கேள்வியை முடிக்க முதலே பக்கத்தில் விடையை எழுதிவிடுவாள். முக்கோணமும் வட்டமும் அவளுக்கு ஒரு விளையாட்டு. புள்ளி எங்கே போகும் என்று எனக்கு விளங்காதபோது தடியை வாங்கி மூன்று படமும் கீறிக் காட்டுவாள்.

ஓடிப்போய் அம்மாவிடம் சொன்னேன். "அம்மா, இவளுக்கு எல்லாம் தெரியும். என்னைவிடக் கெதியாச் செய்யிறாள்."

"நீ சொல்லிக் குடுத்திருப்பாய்" என்றார் அம்மா, அரிசி புடைத்துக்கொண்டே.

"இல்லையம்மா, சத்தியமா."

"அப்ப ஏன் பள்ளிக்கூடத்தில எழுதாள்? போ, போய்ப் படி."

நான் போய்ப் படித்தேன். பத்து வயதுப் பிள்ளைக்கு அதற்கு மேல் கேட்கத் தெரியாது.

ஒருநாள் பின்னேரம் கிபிர் விமானம் வந்தது. உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை, தூரத்தில் அந்த இரைச்சல் மெல்லிசாகத் தொடங்கும்போதே பங்கர்க் குழிக்குள் குதித்துவிட வேண்டும், தலைக்கு மேல் வந்தபிறகு ஓடிப் பிரயோசனமில்லை. நான் குதித்துவிட்டேன். அம்மாவும் சின்னம்மாவும் வந்துவிட்டார்கள். தங்கச்சி வரவில்லை. எட்டிப் பார்த்தால் பாலை மரத்தடியில் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு குனிந்து பழம் பொறுக்குகிறாள். நிலத்தில் விழுந்ததைத் தூக்கி, மண் ஊதி, பாவாடையில் போடுகிறாள். உலகத்தில் ஒன்றும் நடக்காத மாதிரி.

சின்னம்மா அவளைக் கூப்பிட்டுக் குழறினார். அவள் திரும்பவில்லை. அம்மா பங்கருக்கு வெளியே ஏறி ஓடிப்போய் அவளைத் தலைமயிரில் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து உள்ளே தள்ளினார். குண்டு எங்கேயோ தூரத்தில் விழுந்தது. மண் பொடி எங்கள் தலையில் கொட்டியது.

தங்கச்சி எங்கள் எல்லோருக்கும் முன்னால் வாசலைப் பார்த்து இருந்தாள். அம்மா அவளுக்குப் பின்னால். அம்மாவுக்கு என்ன தோன்றியதோ தெரியாது, மெதுவாகக் கேட்டார்.

"பிள்ளை, பழம் தின்னுறியோ?"

தங்கச்சி உதட்டில் இருந்த பிசினை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள். அம்மா இடது பக்கம் சரிந்து கொஞ்சம் பலமாகக் கேட்டார். ஒன்றுமில்லை. வலது பக்கம் போய் இன்னும் பலமாகக் கேட்டார். அப்போதுதான் திரும்பினாள்.

"என்ன பெரியம்மா?"

அம்மா சின்னம்மாவைப் பார்த்தார். சின்னம்மா வாயில் சேலைத் தலைப்பை அடைத்துக்கொண்டார். எனக்கு விளங்கவில்லை. பங்கருக்குள் வெக்கையும் மண் மணமும், பாவாடையில் நசுங்கின பழத்தின் இனிப்பு மணமும் மட்டும் நினைவிருக்கிறது.

அடுத்த நாள் அப்பா அவளைச் சைக்கிள் பாரில் இருத்திப் புதுக்குடியிருப்பு ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோனார். அப்பா வந்து சொன்னதுதான் எனக்குத் தெரியும். இடது காதுச் சவ்வு கிழிந்திருக்கிறது. வலது காதும் குறைவு. தண்ணீர் போகவிடக்கூடாது. வேறு காலமென்றால் பெரிய ஆசுப்பத்திரிக்கு அனுப்பலாம், இப்போது பாதையில்லை. "இவ்வளவு நாளும் நீங்கள் ஒருத்தரும் கவனிக்கேல்லையோ?" என்று டொக்டர் கேட்டாராம். அப்பா அதைச் சொல்லிவிட்டுச் சைக்கிளைத் துடைக்கப் போய்விட்டார். துடைக்க அதில் ஒன்றும் இருக்கவில்லை.

அம்மாவும் சின்னம்மாவும் விடியவே பள்ளிக்கூடம் போனார்கள். இந்தத் தரமும் நான் கூட நின்றேன். சின்னம்மா எல்லாவற்றையும் சொல்லி முடித்தார். ரீச்சர் கையில் இருந்த வெண்கட்டித் துண்டை உருட்டிக்கொண்டு நின்றார். பிறகு சொன்னார்:

"நான் சத்தமாத்தானே வாசிச்சனான்."

அன்றைக்கு எனக்கு அந்த வார்த்தையில் கோபம் வந்தது. இப்போது வரவில்லை. அவர் உண்மையிலேயே சத்தமாகத்தான் வாசித்தார். காற்றுக்கு மேலால், கிடுகுக்கு மேலால், பக்கத்துக் கொட்டிலில் வாய்ப்பாடு சொல்கிற சத்தத்துக்கு மேலால் தொண்டை கட்டக் கட்ட வாசித்தார். காலையில் சாப்பிட்டுவிட்டு வந்தாரோ என்றுகூட யாரும் கேட்டிருக்க மாட்டோம்.

ரீச்சர்தான் எங்களை அதிபரிடம் கூட்டிப்போனார். அதிபர் மேசையைப் பார்த்துக்கொண்டு கேட்டார். கெட்ட மனிதரில்லை.

"பேர் அனுப்பி முடிஞ்சுது. வினாத்தாள் எண்ணித்தான் வரும். நான் என்ன செய்யிறது?"

"சேர், பிள்ளைக்குக் காதுதான் கேக்காது. வாசிக்கத் தெரியும். தாளைக் குடுத்தா எழுதுவாள்" என்றார் சின்னம்மா.

"அடுத்த முறை பாப்பம்."

"அடுத்த முறை அவள் ஆறாம் வகுப்பெல்லோ, சேர்."

அதிபருக்கும் அது தெரியும். கடைசியில் ஒரு வழி சொன்னார். இடம்பெயர்வுக் காலம், பெயர் கொடுத்த பிள்ளைகள் எல்லோரும் வருவார்களோ தெரியாது. சோதனை அன்று பிள்ளையைக் கூட்டி வாங்கோ, மேற்பார்வையாளரிடம் கதைத்துப் பார்ப்போம். அதை நம்பி, அன்றிலிருந்து ரீச்சர் தங்கச்சியைக் கொட்டிலுக்குள் தனக்குக் கிட்ட, வலது காது தன் பக்கம் வரும்படி இருத்தினார். வினாத்தாளை அவள் கையிலேயே கொடுத்துச் செய்யவிட்டார். அவள் என்னைவிடக் கூடப் புள்ளி எடுத்தாள். ரீச்சர் புள்ளியைப் போட்டுவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சோதனைக்கு எங்களுக்குக் கட்டடத்தைத் தந்தார்கள். சனம் ஒருநாளைக்கு வெளியே போய் மரங்களுக்குக் கீழே இருந்தது. உண்மையான மேசை, உண்மையான கதிரை. ஒவ்வொரு மேசையிலும் சுட்டிலக்கம் எழுதின தாள்துண்டு சோற்றுப் பசையால் ஒட்டியிருந்தது. தங்கச்சியும் வெள்ளைச் சட்டை போட்டு, இரட்டைப் பின்னல் போட்டு வந்தாள். அரைப் பென்சில் கையில்.

இரண்டு பிள்ளைகள் வரவில்லை. ஒரு குடும்பம் மாங்குளம் பக்கம் போய்விட்டதாம், மற்றது என்ன ஆனதென்று தெரியவில்லை. எனக்குப் பக்கத்து மேசையே காலி. அதிபர் மேற்பார்வையாளரிடம் ஏதோ கதைத்தார். அவர் வேறு ஊரிலிருந்து மோட்டார்சைக்கிளில் வந்த, களைத்த முகமுள்ள, வயதான மனிதர். இல்லையென்று தலையை ஆட்டினார். அதிபர் ஒதுங்கிக்கொண்டார். அப்போது சின்னம்மா வாசலுக்கு வந்துவிட்டார்.

"ஐயா, ரெண்டு இடம் சும்மாதானே கிடக்கு."

"அம்மா, அது சும்மா இல்லை. அதுக்கு இலக்கம் இருக்கு."

"பிள்ளை இருந்து எழுதட்டும் ஐயா. புள்ளி போடாட்டிலும் பரவாயில்லை. எழுதினனான் எண்டு அவளுக்கு இருக்கட்டும்."

மேற்பார்வையாளர் தங்கச்சியைப் பார்த்தார். அவள் அவருடைய வாயைப் பார்த்தாள். "குடுத்தா எனக்குத்தான் பிரச்சினை, அம்மா. குறை நினைக்காதேங்கோ" என்றார் அவர். பிறகு மணி அடித்தது. பக்கத்து மேசையில் காலிக் கதிரைக்கு முன்னால் ஒரு வினாத்தாளை வைத்து, அது பறக்காமல் ஒரு கல்லையும் வைத்துவிட்டு அடுத்த மேசைக்குப் போனார். விதிப்படி வைக்கவேண்டும் போலிருக்கிறது. சோதனை முடியும்வரை அந்தத் தாள் காற்றில் ஓரம் அடித்துக்கொண்டு கிடந்தது. நான் எழுதினேன்.

நான் சித்தியடைந்தேன். வெட்டுப்புள்ளிக்கு மேலே கொஞ்சம். முடிவு பிந்தி வந்தது, வந்தபோது மாரி தொடங்கியிருந்தது. அதிபர் மாலை போட்டார். அம்மா பயற்றம்பணியாரம் சுட்டார். நகரத்துப் பெரிய பள்ளிக்கூடத்தில் எனக்கு இடம் கிடைத்துவிட்டதென்று அப்பா சந்திக்குச் சந்தி சைக்கிளை நிறுத்திச் சொன்னார்.

அந்தப் பெரிய பள்ளிக்கூடம் எங்கே இருந்தது என்று உங்களுக்கு நினைவிருக்கிறதா? நகரத்தை விட்டு வந்ததிலிருந்து அது நம்முடைய கொட்டில்களில்தான் பின்னேரப் பள்ளிக்கூடமாக நடந்தது. ஊரில் இது தெரியாதவர் இல்லை. ஆனாலும் மாலை போட்டார்கள், பணியாரம் சுட்டார்கள். மத்தியானம் காவலாளி வாசலில் இருந்த நம்முடைய பெயர்ப்பலகையைக் கழற்றி வைத்துவிட்டு, அதே ஆணியில் பெரிய பள்ளிக்கூடத்தின் பலகையைக் கொழுவுவார். சனம் ஓடுகிறபோது சட்டிபானையை விட்டுவிட்டு அந்தப் பலகையை யாரோ தூக்கி வந்திருந்தார்கள். தையில் இருந்து தங்கச்சி காலையில் போனாள், நான் மத்தியானம் போனேன். வாசலில் சந்திப்போம். அவள் இருந்த உரப்பையை என்னிடம் தருவாள், நான் அதே கொட்டிலில் போய் அதை விரிப்பேன். அதற்கு முந்தின வருடம் முழுக்கப் பத்து வருடமாக ஒன்றாய்த் திரிந்த பிள்ளைகள்போல இருந்தோம். பிறகு பகலில் ஒருவரை ஒருவர் காண்பது அந்த வாசலில் மட்டும் என்றாகிவிட்டது. அவள் போகிறாள், நான் வருகிறேன். கதைக்க நேரமில்லை. கதைத்தாலும் அந்த இரைச்சலில் அவளுக்குக் கேட்காது.

பிறகு நடந்ததெல்லாம் எல்லோருக்கும் நடந்ததுதான். இடம்பெயர்ந்தோம், திரும்ப வந்தோம், திரும்பவும் இடம்பெயர்ந்தோம். ரீச்சர் எங்கே என்று எனக்குத் தெரியாது. கனடாவில் என்று ஒருவர் சொன்னார், இல்லை என்று இன்னொருவர். நான் பரந்தனில் ஓர் அலுவலகத்தில் எழுதுவினைஞர். தங்கச்சி சாதாரணதரச் சோதனை எழுதிச் சித்தியடைந்தாள், அதற்கு மேலே படிக்க அந்த வருடங்கள் விடவில்லை. இப்போது புதுக்குடியிருப்பில் தையல் கடை வைத்திருக்கிறாள். காதுக்கு மெசின் போட்டிருக்கிறாள், தையல் மெசின் ஓடும்போது அதைக் கழற்றி வைத்துவிடுவாள். இரண்டு ஆண் பிள்ளைகள். இருவருக்கும் அவள் ரியூசன் வைக்கவில்லை. ஏன் என்று நான் கேட்கவுமில்லை.

முந்தாநாள்தான் என் மகள் சோதனை எழுதினாள். ஒரு வருடமாக விடியப்புறம் வகுப்பு, பின்னேரம் வகுப்பு, சனி ஞாயிறு கருத்தரங்கு. ஏன் செய்தாய் என்று நீங்கள் கேட்கமாட்டீர்கள், நீங்களும் செய்தீர்கள். சோதனைக்கு முதல் நாள் தங்கச்சி பஸ் ஏறி வந்தாள். காலையில் இருவரும் பிள்ளையை உள்ளே அனுப்பிவிட்டு, வாசலுக்கு வெளியே மற்றத் தாய்மாரோடு மதிலோரம் குந்தியிருந்தோம். சிலர் கண்ணை மூடித் தேவாரம் முணுமுணுத்தார்கள். வெயில் ஏறியது.

திடீரென்று தங்கச்சி கேட்டாள். இத்தனை வருடத்தில் முதல் தரம்.

"அக்கா, அண்டைக்கு உள்ளுக்க என்ன கேள்வி வந்தது?"

யோசித்தேன். எவ்வளவோ யோசித்தேன். கட்டுரையின் தலைப்பு, ஒரு கணக்கு, ஒரு படம். ஒன்றும் வரவில்லை.

"ஒண்டும் நினைவில்லையடி."

"ஒண்டுமோ?"

"ஒண்டும்தான்."

அவள் சிரித்தாள். "எனக்கு வெளியில நடந்ததெல்லாம் நினைவிருக்கு. ஒரு செவலை ஆடு வந்து ஆரின்ரையோ செருப்பைச் சப்பினது. அந்த மரத்தடியில ஒரு ஆச்சி பிள்ளைக்குப் பேன் பாத்துக்கொண்டிருந்தவா. அந்த ஐயாவுக்குத் தேத்தண்ணி கொண்டு போன பெடியன் தடக்குப்பட்டு முழுக்க ஊத்திப்போட்டான், பேந்து வெறுங் கோப்பையைக் கொண்டு போனான். அம்மா எனக்குப் பின்னலை அவிட்டு அவிட்டுத் திரும்பத் திரும்பப் பின்னினவா. நோகுதெண்டு சொல்லேல்லை நான். அவாவுக்குக் கைக்கு ஒரு வேலை வேணுமெண்டு தெரிஞ்சுது."

உள்ளே மணி அடித்தது. தாய்மார் எல்லோரும் எழும்பி வாசலை நெருக்கினார்கள். பிள்ளைகள் வந்தார்கள். ஒவ்வொரு தாயும் ஒரே கேள்வியைத்தான் கேட்டாள், முழுக்க எழுதினனியோ, முழுக்க எழுதினனியோ. என் வாயிலும் அதுதான் வந்து நின்றது. எனக்கு முந்தித் தங்கச்சி சனத்தை விலக்கிக்கொண்டு உள்ளே போய் மகளின் தோளைப் பிடித்தாள்.

"வா மோனை, இடியப்பம் கொண்டு வந்தனான்" என்றாள். "நிழல்ல இருந்து சாப்பிடுவம்."